சொல்லச் சொன்ன சத்தியம்

எங்கள் ஊரில் கத்தரிக்காய் விற்கிறவர்கூட மலையைச் சாட்சிக்கு இழுப்பார். "தோ மலை நிக்குது பாருங்க, காலைல பறிச்சதுங்க" என்பார். காய் முந்தாநாள் பறித்ததாக இருக்கும். நமக்கும் அது தெரியும், இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். தானாகச் சொல்கிற சத்தியத்துக்கு இங்கே அவ்வளவுதான் கனம். ஆனால் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "மலையைப் பார்த்துச் சொல்லு" என்று கேட்டுவிட்டால் விஷயமே வேறு. அப்படிக் கேட்டாலே நீ திருடி என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அப்படிக் கேட்டதனால் கூடப் பிறந்தவர்கள் ஒருவர் வீட்டுச் சாவுக்கு ஒருவர் போகாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் லாட்ஜுக்குப் புதிதாக வந்த மேனேஜருக்கும் தெரியவில்லை.

கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சந்துக்குள் இருக்கிற லாட்ஜ் அது. மூன்று மாடி, மனசு வந்தால் ஓடுகிற ஒரு லிஃப்ட். நான் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்று மேலிருந்து வருகிற வசவை வாங்கிக்கொள்வது, இதுதான் என் வேலை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அதை அடக்கிச் சிரிப்பதற்குத்தான் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன்.

ரூம் வேலை பார்க்கிற பெண்களில் மூத்தவள் அக்கா. பெயர் இருக்கிறது, ஆனால் முதலாளி முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். வீட்டுக்காரர் கொஞ்சம் நிலத்தில் பூ போடுகிறவர். அதனால் அவள் வரும்போதே கனகாம்பர வாசமும் வரும் என்று எழுத ஆசை, ஆனால் கனகாம்பரத்துக்கு ஏது வாசம்? ஃபினாயில் வாசம்தான் வரும். மதியம் நாங்கள் இருவரும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் குழம்பு எனக்கு, என் பொரியல் அவளுக்கு. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு நரை விழுந்து வருஷங்கள் ஆகின்றன.

என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மர அலமாரி உண்டு. அதற்கு மறதி அலமாரி என்று பெயர் வைத்தவளும் அக்காதான். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் எதையும் மறக்காமல் போனால்தான் ஆச்சரியம். மலையைச் சுற்றிவிட்டு வந்து, வீங்கின காலோடு கட்டிலில் விழுந்து, விழித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். சார்ஜர், மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பல்செட்கூட. அக்கா எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, எந்த ரூம் என்று என்னிடம் சொல்லி, அலமாரியில் வைத்துவிடுவாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. ஒருமுறை ஒரு தெலுங்கு அம்மாவின் சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டு, துடைப்பத்தைப் போட்டது போட்டபடி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினாள். கிளம்பிய பஸ்ஸை நடு ரோட்டில் மறித்து நிறுத்தி, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் என்னிடம், "அந்தம்மா அழுதுடுச்சு பாப்பா" என்றாள். அன்று முழுக்க அவள் நடையே ஒரு தினுசாக இருந்தது. அக்காவுக்குக் கை சுத்தம் என்று ஊரே சொல்லும். அவளிடம் சொத்து என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்தப் பேரைத்தான் சொல்ல வேண்டும்.

மேனேஜரை முதலாளி வேலூரிலிருந்து கொண்டுவந்தார். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர், வயதில் எனக்குத் தம்பி. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம், படிக்கிறவர்களுக்கும் சுலபம். அவர் கெட்டவர் இல்லை. வந்த வாரமே பெண்கள் உட்காரும் அறைக்கு மின்விசிறி போட்டுக் கொடுத்தார். பழைய மேனேஜர் இருந்த காலமெல்லாம் நாங்கள் கேட்டும் கிடைக்காத விசிறி அது. அக்கா அவரைத் தம்பி என்று கூப்பிட்டாள். ஒருநாள் அவருக்கும் சேர்த்துக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். அவர் சைவம் என்று தெரிந்ததும் மறுநாள் வத்தக்குழம்பு வந்தது.

அப்புறம் அந்த மோதிரம்.

பௌர்ணமி முடிந்த காலை. காரில் வந்த ஒரு குடும்பம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. அந்த வீட்டு அம்மாவின் கல் வைத்த மோதிரத்தைக் காணோம். பாத்ரூமில் சோப்பு வைக்கிற இடத்தில் கழற்றி வைத்ததாகச் சொன்னார். ரூமை அதற்குள் சுத்தம் செய்தாகிவிட்டது. செய்தவர்கள் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும். கட்டிலைப் புரட்டினோம், சாக்கடை மூடியைக் கழற்றிப் பார்த்தோம். இல்லை. அந்த அம்மா போலீஸ் என்றார். வீட்டுக்காரர் ரிவ்யூ என்றார். இந்தக் காலத்தில் போலீஸைவிட ரிவ்யூவுக்குத்தான் லாட்ஜ்காரர்கள் பயப்படுகிறார்கள்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. சற்று யோசித்து, ஏதோ நல்ல வழி கண்டுபிடித்தவர் போல வந்து சொன்னார். "போலீஸ் எல்லாம் வேணாம். நம்ம பொம்பளைங்களை ஸ்டேஷனுக்கு அனுப்ப நான் ஒத்துக்க மாட்டேன். மூணு பேரும் மாடிக்கு வந்து மலையைப் பாத்து எடுக்கலைன்னு சொல்லிடுங்க. இந்த ஊர்ல அதுக்கு மேல சாட்சி இன்னா இருக்கு? அவங்களும் சமாதானமாயிடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அதெல்லாம் கேக்கக் கூடாது சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நம்மவர்களைக் காப்பாற்றும்போது இவள் ஏன் குறுக்கே வருகிறாள் என்றுதான் பார்த்தார்.

அக்கா சொன்னாள்: "தம்பி, போலீஸையே கூப்புடுங்க. நான் ஸ்டேஷனுக்கு வரேன்."

"அட இன்னாக்கா நீங்க! ஒரு நிமிஷ வேலை. செருப்ப கழட்டிட்டு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிது. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே பெட்ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு நின்றார்கள். எதிரே மலை. தினமும் காலையில் பெட்ஷீட் உலர்த்த வரும்போது அக்கா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அன்று அந்த இரண்டு பெண்களும் கடகடவென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மோதிரக்காரம்மா செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "மலை சாட்சியா நான் எடுக்கல" என்று அக்கா சொன்னபோது அது அவள் குரல் போலவே இல்லை. கீழே வந்து, துடைத்த ரூமையே மறுபடி துடைத்தாள். மதியம் குழம்புக் கிண்ணத்தைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்து அந்த அம்மா ஃபோன் செய்தார். நான்தான் எடுத்தேன். மோதிரம் கிடைத்துவிட்டதாம். அவர் பவுடர் டப்பாவுக்குள்ளேயே இருந்ததாம். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் படத்தை யாருக்காவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். ஃபேமிலி குரூப்பில் மட்டும்தான் என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

மேனேஜரிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டார். "நல்லதா போச்சு மேடம். நம்ம பொம்பளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நீங்க சொன்னா நல்லாருக்கும் சார்."

"யார் சொன்னா இன்னா? மேட்டர் முடிஞ்சிது இல்ல?"

நான்தான் போய்ச் சொன்னேன். இரண்டு பெண்களும் அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கு அது அதோடு தீர்ந்தது. அக்கா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு விசாரித்தாள், "தம்பி ஒண்ணும் சொல்லலியா?"

"சந்தோசப்பட்டாருக்கா."

"என்னை மேல ஏத்துனவரு அவரு. அவருதான் இறக்கணும். அதே எடத்துல நின்னு, இந்தம்மா எடுக்கல, நான் கேட்டது தப்புன்னு ஒரு வார்த்தை. அது போதும் பாப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மாதங்களில் நான் மத்தளமாக இருந்தேன். அவளிடமிருந்து அவரிடம், அவரிடமிருந்து அவளிடம். அவர் முதலில் சிரித்தார், பிறகு எரிச்சல்பட்டார், கடைசியில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"மேடம், நானும் மனுஷன்தான். அன்னிக்கு ஓனர் எனக்கு ஃபோன்ல விட்ட டோஸ் உங்களுக்குத் தெரியுமா? வந்து ஒரு மாசத்துல திருட்டுப் பேரு வாங்கிக் குடுத்துட்டியேன்னு கேட்டாரு. அவ்ளோவையும் வாங்கிக்கிட்டு இவங்கள போலீஸுக்கு அனுப்பாம காப்பாத்துனேன். அதுக்கு நன்றி சொல்ல வேணாம், விடுங்க. ஆனா நான் மன்னிப்பு கேக்கணுமா? எந்த ஊர் நியாயம் இது? நாளைக்கு நான் ஒரு வேலை சொன்னா எவ கேப்பா?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேலும் பாவமாகத்தான் இருந்தது. அது எனக்குப் பெரிய இடைஞ்சலாகிவிட்டது. ஒருவரையாவது முழுசாக வெறுக்க முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அக்கா மாறினாள். தம்பி, சார் ஆனார். நேரத்துக்கு வந்தாள், நேரத்துக்குப் போனாள். சொன்ன வேலையைச் செய்தாள், சொல்லாததைச் செய்யவில்லை. குழாய் ஒழுகினால் ஒழுகியது. பல்பு போனால் இருட்டாகவே கிடந்தது. மேனேஜர் கேட்டால், "நீங்க சொல்லல சார்" என்பாள். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், தானே ஆறிவிடும் என்று நினைத்தேன்.

மறதி அலமாரி காலியானதைத்தான் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். கவனித்தது மேனேஜர். "பாத்தீங்களா மேடம், ரூமுக்குள்ள நோட்டீஸ் ஒட்டுனேன் இல்ல, உங்கள் பொருள் உங்கள் பொறுப்புன்னு? இப்ப ஒருத்தரும் எதையும் விட்டுட்டுப் போறதில்ல" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. நோட்டீஸ் படித்துத் திருந்துகிற ஜனம் எந்த ஊரில் இருக்கிறது?

அன்று சாயங்காலமே பின்கட்டில் குப்பை மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். வாடின மாலைக்கும் இட்லிப் பொட்டலத்துக்கும் நடுவில் ஒரு மூக்குக் கண்ணாடி. ஒரு சார்ஜர். ஒரு குழந்தையின் பால் புட்டி, மூடியோடு. கையில் எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன்.

"இன்னாக்கா இது?"

"குப்பை."

"கண்ணாடி குப்பையா?"

"ரூம்ல கெடந்துச்சு, கூட்டுனேன். கூட்டறதுக்குத்தான எனக்குச் சம்பளம்? மறந்துட்டுப் போறத எடுத்து வைக்கறதுக்கு எவனாவது குடுக்கறானா?"

"இத்தினி வருசம் எடுத்து வச்சியே?"

"வச்சேன். அதுக்கு இன்னா மரியாதை கெடச்சிதுன்னு நீயும்தான் பாத்த." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "கையால தொட்டாத்தான பாப்பா கேள்வி வரும்? நான் தொடறதே இல்ல. தொடப்பத்தாலயே தள்ளிடறேன். குப்பைத்தொட்டிய யாரும் மாடிக்கு ஏத்தி சத்தியம் கேக்க மாட்டாங்க."

"இந்தக் கண்ணாடிக்காரரு உன்ன இன்னாக்கா பண்ணாரு?"

"அந்த மோதிரக்காரிய நான் இன்னா பண்ணேன்?"

கண்ணாடியை என் முந்தானையில் துடைத்தேன். அவள் மேலே சொன்னாள்: "நான் திருடல. பொய் சொல்லல. குடுக்கற காசுக்கு வேலை செய்யறேன். இதுல இன்னா பாவம்னு நீ சொல்லு. சொன்னா விட்டுடறேன்."

பாவம்தான் அக்கா என்று சொன்னேன். எப்படிப் பாவம் என்று கேட்டாள். சுற்றிச் சுற்றி எங்கே வந்தாலும் அவள் பக்கம் ஒரு நியாயம் நின்றது. வெறும் கோபமாக இருந்தால் நாலு நாளில் தணிந்திருக்கும், நானும் ஏதாவது கேலி பேசித் தணித்திருப்பேன். அவள் அந்தக் கோபத்துக்கு நியாயத்தால் நாலு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டாள். உள்ளே போக எனக்கு வழியே இல்லை. இன்னொன்றும் எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகத்தில் உறுத்தல் என்பதே இல்லை. மாத்திரையோடு ஓடினவளும் இவளும் ஒரே ஆள்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேனேஜரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவளை வேலையை விட்டு அனுப்புவார். அனுப்பும்போது என்ன சொல்வார்? விருந்தாளிகளின் பொருள் காணாமல் போனதால் அனுப்பினோம் என்பார். கை சுத்தம் என்று பேர் வாங்கினவள் அந்தப் பேச்சோடு ஊருக்குள் எப்படி நடப்பாள்? அதனால் சொல்லவில்லை. முதலாளி வந்தபோது அவரிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "லேடீஸ் சண்டைய என்கிட்ட கொண்டு வராதம்மா" என்று முடித்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வழி, தினமும் காலையில் நகராட்சி வண்டி வருமுன் பின்கட்டுக்குப் போய் மூட்டைகளைக் கிளறுவதுதான். குச்சியை வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறுவேன். கிடைத்ததைக் கழுவி அலமாரியில் வைப்பேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். குழம்பு மாறவில்லை. பேச்சுதான் குறைந்துவிட்டது.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ரூமைக் காலி செய்தார்கள். லிஃப்ட்டுக்கு அன்று மனசு வரவில்லை. என் மேசையைச் சுற்றிப் பெட்டியும் பையுமாக ஜனம். குப்பை வண்டியின் பாட்டு சந்து முனையில் கேட்டது, எனக்கும் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. பாட்டு தேய்ந்து போகிற வரைக்கும் சாவிகளை வாங்கிக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் கலைந்த நேரத்தில் ஒரு வயதான அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த தம்பதி, காலையில்தான் சாவி கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னாலேயே அவர் வீட்டுக்காரர், நெற்றி நிறைய விபூதியோடு, கையில் மஞ்சள் பையோடு வந்தார்.

"அவரோட காது மெஷினை விட்டுட்டோம்மா" என்றார் அந்த அம்மா. "தூங்கறப்ப கழட்டிடுவாரு. காணாமப் போவக் கூடாதுன்னு நான்தான் பேப்பர்ல சுத்தித் தலைமாட்டுல வச்சேன். பஸ்ல ஏறி உக்காந்து, கண்டக்டர் கேக்கறது இவருக்குக் கேக்கல, அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

அக்காவைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை, நேராக வெளியே ஓடினேன். சந்து முனை வரைக்கும், அங்கிருந்து பெரிய தெரு வரைக்கும். பௌர்ணமிக் குப்பையை அள்ள அன்று எத்தனையோ வண்டிகள். எது எங்கள் குப்பையை எடுத்தது, எந்தப் பக்கம் போனது என்று யாருக்குத் தெரியும்? பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் தெரு முழுக்கக் கையைக் காட்டிச் சிரித்தாள். திரும்பி வந்தேன்.

வருவதற்குள் மேனேஜர் அக்காவைக் கீழே வரவழைத்திருந்தார். அவள் வாளியோடு நின்றாள். அந்த அம்மா கெஞ்சுகிற குரலில் கேட்டார், "தலைமாட்டுல ஒரு பேப்பர் பொட்டலம் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு" என்றாள் அக்கா. "பிரிச்சுப் பாக்கல. தள்ளிட்டேன்."

"பிரிச்சுப் பாக்கலியா?" மேனேஜர் கத்தினார். "எத்தினி நாளா நடக்குது இது? அதான் அந்த அலமாரி காலியா இருக்கா? இப்ப சொல்லுங்க மேடம், இவங்ககிட்டதான் நான் மன்னிப்பு கேக்கணுமா?"

அக்கா அசையவில்லை. "நான் எடுக்கல சார். வாங்க, மாடிக்குப் போலாம். இந்த வாட்டி நானே கூப்புடறேன்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்று நான் கத்தினேன். அந்த மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. சத்தம்தான் போட முடிந்தது. அதனால் மெஷின் வந்துவிடுமா? அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "சத்தம் போடாதீங்கம்மா. எங்க பொண்ணு வாங்கிக் குடுத்தது. அது இல்லன்னா இவரு வூட்ல ஒரு மூலைல உக்காந்துடுவாரு, யார்கூடவும் பேச மாட்டாரு. நான் எப்பிடிச் சொல்லப்போறேன்னு தெரியல."

பெரியவர் அதுவரை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காதவர்கள் மரியாதைக்குச் சிரிக்கிற ஒரு சிரிப்பு உண்டு, அது முகத்திலேயே இருந்தது. அக்காவை நிற்க வைத்துக் கேட்கிறோம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காததால், ஹாலே அதிரும்படி பேசினார்.

"ஏம்மா, அந்தப் பொண்ண இன்னாத்துக்கு நிக்க வச்சிக் கேக்கறீங்க? நான்தான் எங்கியோ வச்சிட்டு மறந்துட்டேன். வயசாச்சில்ல? அவங்க எடுத்திருக்க மாட்டாங்க. மூஞ்சப் பாத்தாலே தெரியுது, நல்ல பொண்ணு." மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். இத்தனை மாதமாக ஒருத்தர் வாயிலிருந்து வராதா என்று அக்கா காத்திருந்த வார்த்தை அது. எல்லாருக்கும் நடுவில், கேட்காமலே, முன்பின் தெரியாத ஒரு மனிதர் சொல்லிவிட்டார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவின் கையிலிருந்து வாளி எப்போது தரைக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. அவள் அவர் எதிரில் போய் நின்றாள். வாய் கோணிக்கொண்டது. "நான்தான் ஐயா" என்றாள். "வேணும்னேதான் பண்ணேன். குப்பையில தள்ளிட்டேன். மன்னிச்சிருங்க ஐயா."

அவர் தலையை ஆட்டினார். "ஆமாம்மா, ஆமாம். நல்ல தரிசனம். கூட்டம்தான் ஜாஸ்தி" என்றார். மஞ்சள் பையிலிருந்து விபூதிப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். எடுத்துச் சொல்லு பாப்பா என்று அந்தப் பார்வை கேட்டது. அவர் காதோரம் போய் நான் கத்தியிருந்தால் ஒருவேளை கேட்டிருக்கும். எழுதியாவது காட்டியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா என் கையை விடவில்லை. வேண்டாம் என்று தலையை அசைத்தார். ஒருத்தர் வேணும்னே தூக்கி எறிந்தார் என்று தெரிந்துகொள்வதைவிட, தானே தொலைத்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டார் போல. நான் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பெரியவருக்கு அது கேட்கவில்லை, அந்த அம்மா தோளைத் தொட்டு அழைத்துப் போனார். ஆட்டோவில் ஏறும்போது அவர் திரும்பி, அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா கும்பிடவில்லை. "ஐயா, நான்தான்" என்று இன்னொரு முறை சொன்னாள். ஆட்டோ சந்து முனையைத் தாண்டிப் போய்விட்டது.